குதிரையின் வயிற்று நீரை ஸ்கேன் பார்த்து எடுப்பது: புதிதாகக் குதிரை வைத்தியத்துக்கு வரும் கால்நடை மருத்துவர்களுக்கு

வயிற்றுவலியில் காலை உதைத்துக்கொண்டு நிற்கும் குதிரையின் அடிவயிற்றில் ஊசி போட்டு, குடலுக்கு வெளியே தேங்கும் நீரில் நாலு சொட்டு எடுப்பது பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி. லாயத்தில் அது அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஊசி முழுக்க உள்ளே போயும் ஒரு சொட்டு வராது. வந்தால் ரத்தமாக வரும். அதைவிட மோசம், பச்சையாக நாறிக்கொண்டு வரும். இந்த மூன்றையும் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஸ்கேனில் பார்த்துப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

ஸ்கேன் சொல்வது மூன்று விஷயம்: நீர் எங்கே நிற்கிறது, தோலிலிருந்து எவ்வளவு ஆழத்தில், இடையில் என்ன இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். எங்கே குத்துவது என்பதைவிட எங்கே குத்தவே கூடாது என்பதற்குத்தான் இந்தப் பெட்டி அதிகம் உதவும்.

1. இந்தக் குதிரைக்கு இப்போது இது தேவையா?

அறுவைசிகிச்சைக்கு அனுப்புவது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டால் வண்டியை நிறுத்திவைத்து நீர் எடுக்காதீர்கள். முடிவு மாறப்போவதில்லை, நேரம்தான் போகும். வலியில் விழுந்து புரளும் குதிரைக்கு அடியிலும் போகாதீர்கள். முதலில் வலி அடங்கட்டும்.

இது பலன் தருவது இரண்டுங்கெட்டான் நிலையில்தான்: வலி மருந்துக்கு அடங்கித் திரும்பத் திரும்ப வருகிறது, குடல் முறுக்கா வெறும் அடைப்பா என்று தெரியவில்லை. காய்ச்சலோடு வயிற்று உறையழற்சி சந்தேகம், காரணம் தெரியாத உடல் இளைப்பு, உள்ளே ரத்தக்கசிவு, பிறந்த சில நாளில் வயிறு உப்பி நிற்கும் குட்டியின் மூத்திரப்பைக் கிழிசல் ஆகியவற்றிலும் கைகொடுக்கும்.

2. எழுத வேண்டியதை முதலில் எழுதுங்கள்

உரிமையாளரிடம் சம்மதம் வாங்கும்போது பொதுவாக ‘ஆபத்து உண்டு’ என்று சொல்லி முடிக்காதீர்கள். குடலில் ஊசி பட்டுவிடலாம், மண்ணீரலில் ரத்தம் கசியலாம், குத்திய இடத்தில் சீழ்க்கட்டி வரலாம், நீர் வராமலே போகலாம் என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். நடுராத்திரியில் உரிமையாளர் வெளியூரில் இருந்தால் தொலைபேசியில் யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பதை அப்போதே கேஸ் ஷீட்டில் குறியுங்கள்.

பந்தயக் குதிரையானால் இன்னொரு தாள் வேண்டும். மயக்க மருந்தான சைலசின், லிக்னோகேய்ன் இரண்டும் பந்தய நாளில் உடம்பில் இருக்கக்கூடாத மருந்துகள். மரத்துப்போகத் தோலுக்கடியில் போடும் 2 மி.லி. லிக்னோகேய்னை மருந்துக் கணக்கில் எழுத மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தேதி, நேரம், அளவு மூன்றையும் எழுதிப் பயிற்சியாளர் கையில் கொடுங்கள்.

டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்றும் கேளுங்கள். வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் மிக எளிதாகத் தாக்குவது குதிரையைத்தான். பதிவு இல்லையென்றால் அன்றே போட்டுவிடுங்கள்.

3. கருவிகளும் செலவும்

புது ஸ்கேன் பெட்டி வாங்க வேண்டும் என்று நினைத்துப் பின்வாங்காதீர்கள். சினை பார்க்க ஆசனவாய் வழியே விடும் 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் நேர்கோட்டுப் பிரோப் போதும். நாம் தேடும் நீர் பெரும்பாலும் தோலிலிருந்து 10 செ.மீ.க்குள்தான் இருக்கும். 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைவுப் பிரோப் இருந்தால் முழு வயிற்றையும் பார்க்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய செலவு இங்கேயே தப்பிவிடுகிறது. மற்றவை சில்லறைச் செலவு:

- 18 கேஜ், 38 மி.மீ. ஊசி நான்கைந்து
- 18 கேஜ், 90 மி.மீ. ஸ்பைனல் ஊசி இரண்டு
- 9 முதல் 10 செ.மீ. நீள டீட் கேனுலா (மழுங்கிய முனையுள்ள குழல்), 15ஆம் எண் பிளேடு
- 2 சதவீத லிக்னோகேய்ன், மருந்து போட நுண்ணிய ஊசி
- ஈ.டி.டி.ஏ. குழாய், வெறும் குழாய், ஃபுளோரைடு குழாய், கண்ணாடிச் சில்லுகள்
- கிருமிநீக்கிய கையுறை மூன்று ஜோடி (ஒன்று பிரோப்புக்கு உறையாக)

புதியவர்கள் 38 மி.மீ. ஊசியை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒல்லியான குதிரைக்கு அது போதும். கட்டிப்போட்டுத் தின்று கொழுத்த மட்டக்குதிரையில் அதன் முனை கொழுப்பிலேயே நின்றுவிடும். ஸ்பைனல் ஊசி இல்லாமல் புறப்படாதீர்கள்.

4. குதிரையை நிறுத்துவது

சைலசின் கிலோவுக்கு 0.3 மி.கி. சிரை வழியே. 400 கிலோ குதிரைக்கு 120 மி.கி. இங்கேதான் பெரிய பொறி. சந்தையில் மி.லி.க்கு 20 மி.கி. உள்ள குப்பியும் உண்டு, 100 மி.கி. உள்ளதும் உண்டு. முதலாவதில் 6 மி.லி., இரண்டாவதில் 1.2 மி.லி. மாற்றி எடுத்தால் ஐந்து மடங்கு தவறு. குப்பியின் லேபிளை வாய்விட்டுப் படித்த பிறகே சிரிஞ்சில் இழுங்கள்.

சைலசின் போட்ட குதிரை தூங்கி வழிவதுபோல் தலையைத் தொங்கவிடும். ஆனால் அடிவயிற்றைத் தொட்டதும் பின்னங்காலைக் குறிபார்த்து வீசும். பியூட்டர்ஃபனால் கிடைத்தால் கிலோவுக்கு 0.01 முதல் 0.02 மி.கி. சேருங்கள். உதை குறையும். அசிப்ரோமசின் வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், மண்ணீரலும் பெருத்து நாம் குத்த நினைக்கும் இடம்வரை வந்து நிற்கும்.

நிற்க வேண்டிய இடம் குதிரையின் வலப்பக்கம், முன்னங்காலை ஒட்டி, முகம் வாலைப் பார்த்து. தோள் குதிரை உடம்பில் பட்டபடி இருக்கட்டும். அது அசைவதற்கு முன் உங்கள் தோளுக்குத் தெரிந்துவிடும். தலையைப் பிடிப்பவரும் உங்கள் பக்கமே நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று தலையை அவர் தன் பக்கம் இழுத்தால், பின்பாகம் உங்கள் மேல் வரும். வயிற்றுக்கடியில் மண்டியிடாதீர்கள், குந்தி உட்காராதீர்கள். முழங்காலை மடக்கிக் குனிந்து நின்றால்தான் விலக முடியும்.

5. முடியும் ஜெல்லும்

மார்பெலும்பின் பின்முனையிலிருந்து தொப்புளை நோக்கி ஒரு சாண் நீளம், நடுக்கோட்டுக்கு இருபுறமும் நாலு விரல் அகலம் முடியை ஒட்ட வெட்டுங்கள். முதலில் மெஷின், பிறகுதான் ஸ்பிரிட்டும் ஜெல்லும். ஸ்பிரிட் ஊறிய முடியில் மின்சார மெஷினை ஓட்டினால் தீப்பிடிக்கும். சில பிரோப்களின் ரப்பர் முகப்பை ஸ்பிரிட் கெடுக்கும் என்பதால் உங்கள் கருவியின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள்.

6. திரையைப் படிப்பது

நிற்கும் குதிரையின் அடிவயிற்றில் கீழிருந்து பிரோப்பை வைக்கிறீர்கள். அதனால் திரையின் மேல்விளிம்புதான் தரையை நோக்கிய பக்கம். நீர் தரைப்பக்கம் தேங்கும் என்பதால் அது திரையின் மேற்பகுதியில், கொழுப்பை அடுத்தாற்போல் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் நீர் அடியில்தானே இருக்கும் என்று திரையின் அடியில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆழத்தை 10 முதல் 12 செ.மீ.க்கு வையுங்கள். மார்பெலும்பு முனைக்குப் பின்னால் நாலு விரல் விட்டு, நடுக்கோட்டிலிருந்து 2 முதல் 5 செ.மீ. வலப்புறம் தொடங்குங்கள். மண்ணீரல் இடப்புறம் இருப்பதால்தான் வலம். மேலிருந்து கீழாக வருவது: தோல், தசையுறையின் வெண்கோடு, அதற்குள்ளே கொழுப்பு, பிறகு வயிற்று உறை. அதற்கும் குடலுக்கும் நடுவில் கறுப்பாக ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வயிற்றின் மிகத் தாழ்ந்த இடம் எங்கே என்று பக்கவாட்டில் நின்று கண்ணாலும் பாருங்கள். அங்கும் பிரோப்பை வையுங்கள்.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் நீர் அல்ல. மூன்று ஏமாற்றுகள் உண்டு.

முதலாவது கொழுப்பு. கெய்ன் (திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) குறைவாக இருந்தால் கொழுப்பும் கறுப்பாகத் தெரியும். கெய்னைக் கூட்டினால் கொழுப்பில் நார்நாராகப் புள்ளி தோன்றும், தெளிந்த நீர் கறுப்பாகவே நிற்கும். மூச்சுக்கு ஏற்ப நீர்க்குட்டையின் வடிவம் மாறும், கொழுப்பு மாறாது.

இரண்டாவது, குடலுக்குள் இருக்கும் நீர். இதைக் குத்தினால்தான் பச்சையாக வரும். வெளியே நிற்கும் நீர் உறுப்புகளின் இடுக்கில் போய் நிற்பதால் முக்கோணமாக, கூர்மையான மூலைகளோடு இருக்கும். குடலுக்குள் இருப்பது உருண்டையாக, சுற்றிலும் சுவரோடு இருக்கும். அரை நிமிடம் பிரோப்பை அசைக்காமல் பிடித்தால் நல்ல குடல் சுருங்கி விரிவது தெரியும். உருண்டையாக, அசையாமல், அடுக்கடுக்காகச் சிறுகுடல் வளையங்கள் அடிவயிற்றில் கிடந்தால் அதுவே முக்கியமான கண்டுபிடிப்பு. சுவர் வழக்கமாக 3 மி.மீ. அளவில் இருக்கும், இங்கே தடித்திருக்கிறதா என்று அளந்து குறியுங்கள். அந்த இடத்தில் ஊசி வேண்டாம்.

மூன்றாவது மண்ணீரல். கறுப்பாக இராது. சீரான சாம்பல் நிறத்தில், மாவு சலித்ததுபோல் நெருக்கமாக இருக்கும். இடப்புறம்தான் அதன் இடம் என்றாலும் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வந்து கிடப்பது அபூர்வமல்ல. பெயரளவில் வலப்பக்கம் குத்தினால் போதும் என்று நம்பாதீர்கள்.

அடிவயிற்றில் பெருங்குடல் தட்டையாக அழுந்திக் கிடந்து, உள்ளே பளிச்சென்ற புள்ளிகள் தெரிந்தால் மணல் தின்ற குதிரையாக இருக்கலாம். கனத்தில் குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டி நிற்கும், கூரான ஊசி அதைக் கிழிக்கும். இங்கே நீர் எடுக்காமல் விடுவதே உத்தமம்.

அளவெடுக்கும்போது பிரோப்பை அழுத்தாதீர்கள். ஜெல்லை மட்டும் தொட்டபடி இருக்க வேண்டும். அழுத்தினால் சிறிய குட்டை பக்கவாட்டில் நழுவி மறையும், கொழுப்பும் நசுங்கி உண்மையைவிட மெல்லியதாகக் காட்டும். திரையில் 2.5 செ.மீ. பார்த்து 38 மி.மீ. ஊசி எடுப்பீர்கள். கை எடுத்ததும் கொழுப்பு 4.5 செ.மீ. ஆகியிருக்கும்.

நீரின் தோற்றத்தையும் எழுதுங்கள். முழுக் கறுப்பு என்றால் தெளிந்த நீர். புகைபோல் சுழன்றால் ரத்தம். நூல் நூலாக மிதந்தால் ஃபைப்ரின். ஏராளமான நீரில் துகளும் காற்றுக்குமிழியும் பளிச்சிட்டால் குடலோ இரைப்பையோ கிழிந்திருக்கலாம். நலமான குதிரையில் நீர் மிகக் கொஞ்சமாகத்தான் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது.

7. குறிப்பதும் மரக்கச் செய்வதும்

மயக்கம் ஏறிய பிறகு பார்த்த படம்தான் கணக்கு. மருந்துக்கு முன் பார்த்திருந்தால் மறுபடி பாருங்கள். கால் அகட்டி நின்றதும் உள்ளே எல்லாம் இடம் மாறியிருக்கும்.

பேனாக் குறி ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். அதைவிட லிக்னோகேய்ன் கொப்புளமே நல்ல குறி. பிரோப்பை விலக்கியதும் அந்த இடத்தில் தோலுக்கடியில் 1 முதல் 2 மி.லி. போடுங்கள். எழும் மேடு, தேய்த்துக் கழுவினாலும் போகாது. சிரிஞ்சில் காற்று இருக்கக்கூடாது. தோலுக்கடியில் புகுந்த காற்று அடுத்த முறை படத்தை மறைத்துவிடும்.

இப்போது ஜெல்லை முழுவதும் துடைத்து, குளோர்ஹெக்சிடின் அல்லது பொவிடோன் அயோடினால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து முடியுங்கள். ஜெல் மிச்சமிருந்தால் ஊசியோடு உள்ளே போகும்.

8. ஊசி

திரையில் அளந்த ஆழத்தோடு 1 செ.மீ. கூட்டி ஊசி நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். தோலை ஒரே குத்தில் கடந்து, பிறகு மெதுவாக, மி.மீ. மி.மீ. ஆக நகர்த்துங்கள். தசையுறையைத் தாண்டும்போது ‘டப்’ என்று விரலில் ஒரு விடுபடல் தெரியும். வயிற்றுக்குள் வந்துவிட்டோம் என்று புதியவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அது தசையுறை மட்டுமே. அதற்குப் பின்னால் கொழுப்பு முழுசாகக் கிடக்கிறது. திரையில் பார்த்த ஆழம்வரை போங்கள். உள்ளே போன ஊசியின் தலை மூச்சோடு லேசாக ஆடத் தொடங்கும்.

நீர் தானாகச் சொட்டட்டும். சிரிஞ்சால் உறிஞ்சினால் குடலின் மேலுறையோ கொழுப்போ முனையில் ஒட்டி அடைத்துக்கொள்ளும்.

டீட் கேனுலா மழுங்கலானது, குடலைக் கிழிக்கும் பயம் குறைவு. ஆனால் வெட்டு வேண்டும். 15ஆம் எண் பிளேடால் தோலிலும் தசையுறையிலும் சின்னக் குத்து. கேனுலாவை ஒரு காஸ் துணியின் நடுவே குத்திச் செருகிக்கொண்டு பிறகு விடுங்கள். தோலில் கசியும் ரத்தம் குழல் வழியே வழிந்து குழாய்க்குள் விழாமல் துணி உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஒரு துணியை மறந்ததால் ‘ரத்தம் கலந்த வயிற்று நீர்’ என்று ரிப்போர்ட் போன குதிரைகள் உண்டு.

ஊசி போகும்போதே திரையில் பார்த்தபடி செய்ய இரண்டு பேர் வேண்டும், பிரோப்புக்குக் கிருமிநீக்கிய கையுறை உறை வேண்டும். குட்டை 2 செ.மீ.க்குக் குறைவாகவோ, மண்ணீரலோ குடலோ பக்கத்திலேயே இருந்தால் மட்டும் அந்தச் சிரமம் படுங்கள். மற்ற நேரத்தில் குறித்துக் குத்துவதே போதும், குதிரைக்கடியில் தலைகளும் குறையும்.

9. வராவிட்டால்

ஊசியை அரைச் சுற்று திருப்புங்கள். 2, 3 மி.மீ. உள்ளே வெளியே நகர்த்துங்கள். அப்போதும் வராவிட்டால் அந்த ஊசியை எடுக்காமல் இரண்டாவது ஊசியை சில செ.மீ. தள்ளிப் போடுங்கள். உள்ளே உள்ள வெற்றிடம் உடைந்து முதல் ஊசியில் சொட்டு விழும். இரண்டு, மூன்று இடத்துக்கு மேல் துளைக்காதீர்கள். நீர் வராததால் வயிற்றில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

ரத்தம் வந்தால் சொட்டு விழுவதைக் கவனியுங்கள். கோடுகோடாக வந்து தெளிந்தால் வழியில் பட்ட நாளம். அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுப் புதுக் குழாய் பிடியுங்கள். முழுக்க ரத்தமாக வந்தால் அதன் பி.சி.வி.யையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கழுத்துச் சிரை ரத்தத்தின் பி.சி.வி.யையும் பாருங்கள். வயிற்றிலிருந்து வந்தது கூடுதலாக இருந்தால் மண்ணீரல். உள்ளே ஏற்கெனவே கசிந்து நிற்கும் ரத்தம் குழாயில் உறையாது.

பச்சை நீர் வந்தால் பதறாதீர்கள். ஊசியை எடுத்துவிட்டு வேறு இடத்தில் மறுபடி எடுங்கள். இரண்டாவதிலும் அதே வந்து, செல் பரப்பில் நியூட்ரோஃபில்களும் நிறைய இருந்தால் கிழிசல் என்று யோசியுங்கள். முதலாவதில் மட்டும் தழைத்துணுக்கும் கிருமியுமாக, நியூட்ரோஃபில் சொற்பமாக இருந்தால் அது உங்கள் ஊசி குடலில் பட்டது. கேஸ் ஷீட்டில் அதை மறைக்காதீர்கள். அடுத்த நாள் நீர் எடுப்பவர் செல் எண்ணிக்கை ஏறியிருப்பதைப் பார்த்து ஏமாறுவார்.

10. குழாய்களும் நேரமும்

மூன்றே சொட்டு கிடைத்தால்: ஒன்று லேக்டேட் மீட்டருக்கு, ஒன்று புரதம் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டருக்கு, ஒன்று கண்ணாடிச் சில்லில் பரப்ப. கூடுதலாகக் கிடைத்தால் செல்லுக்கு ஈ.டி.டி.ஏ., லேக்டேட்டுக்கும் குளுக்கோஸுக்கும் ஃபுளோரைடு, கிருமி வளர்க்க வெறும் குழாய். ஈ.டி.டி.ஏ.வில் போட்டதைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பாதீர்கள், அது கிருமி வளர்ச்சியைத் தடுக்கும்.

ஈ.டி.டி.ஏ. குழாயைக் கோடுவரை நிரப்புங்கள். 2 மி.லி. குழாயில் அரை மி.லி. விட்டால் உள்ளே இருக்கும் மருந்தே ரிஃப்ராக்டோமீட்டரில் புரதத்தைக் கூட்டிக் காட்டும். கொஞ்சம்தான் கிடைத்தது என்றால் புரதத்தை வெறும் குழாயிலிருந்து பாருங்கள்.

பரப்பிய சில்லை அங்கேயே காயவிடுங்கள். செல்கள் குழாயில் கிடந்தால் குலைந்துபோகும். லேக்டேட்டைக் குதிரைப் பக்கத்திலேயே பாருங்கள். வெறும் குழாயில் கிடக்கும் நீரில் செல்கள் சர்க்கரையைத் தின்று லேக்டேட்டைக் கூட்டிக்கொண்டே இருக்கும். அதே நிமிடத்தில் கழுத்துச் சிரையிலும் ரத்தம் எடுங்கள். இணை எண் இல்லாத வயிற்று லேக்டேட் பாதிச் செய்திதான். மீதி நீரைக் குளிர்ச்சியில் வைத்து அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். படிவத்தில் எடுத்த நேரம், ஊசியா கேனுலாவா, எத்தனையாவது முயற்சி ஆகியவற்றை எழுதுங்கள்.

11. எண்கள்

நலமான குதிரையின் நீர் வெளிர்மஞ்சளாக, குழாய்க்குப் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கும்படி தெளிந்திருக்கும். புரதம் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழ், உட்கரு செல்கள் மைக்ரோலிட்டருக்கு 5,000க்குக் கீழ், லேக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழ்.

நீர் செந்நிறமாக, கலங்கலாக வந்து, வயிற்று லேக்டேட் ரத்த லேக்டேட்டைவிடத் தெளிவாக மேலே இருந்தால் குடலின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகவில்லை என்று எடுத்துக்கொண்டு அறுவைசிகிச்சை மையத்துக்குத் தொலைபேசியை எடுங்கள். வயிற்று நீரின் குளுக்கோஸ் ரத்தத்தைவிட டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் குறைவாக இருந்தால் கிருமித் தொற்றுள்ள உறையழற்சி. சமீபத்தில் வயிறு திறக்கப்பட்ட, அல்லது காயடிக்கப்பட்ட குதிரையில் செல் எண்ணிக்கை சும்மாவே பல நாள் ஏறியிருக்கும், அதை வைத்து மட்டும் தொற்று என்று முடிவு கட்டாதீர்கள்.

12. குட்டிகளில்

குட்டியின் குடல் சுவர் மெல்லியது, ஊசிக்கு இடமும் கொடுக்காது. ஸ்கேன் இல்லாமல் குட்டியில் குத்த வேண்டாம். 20 கேஜ், 25 மி.மீ. ஊசி போதும். கேனுலாவுக்காக வெட்டினால் ஓட்டை வழியே கொழுப்புமடி வெளியே வந்து தொங்கும். அப்படி வந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தம் செய்து, கட்டி, தோல் மட்டத்தில் வெட்டி, வயிற்றுக்கட்டுப் போடுங்கள். செல் எண்ணிக்கை 1,500க்கு மேல் போனாலே குட்டிக்கு அதிகம். மூத்திரப்பைக் கிழிசல் சந்தேகமானால் வயிற்று நீரின் கிரியேட்டினினையும் ரத்தத்தினதையும் சேர்த்துப் பாருங்கள். வயிற்றில் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் மூத்திரம்தான்.

13. ஊசி எடுத்த பிறகு

ஊசி ஓட்டைக்குக் கட்டு வேண்டாம். கேனுலா வெட்டுக்குத் தேவைப்பட்டால் ஒரு தையல். அடுத்த மூன்று நாள் காலையும் மாலையும் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக, வலியோடு வீங்கினால் சீழ் கட்டுகிறது. குடலில் ஊசி பட்டிருந்தால் உடல்வெப்பமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வலி திரும்ப வந்து மறுபடி நீர் எடுக்க வேண்டியிருந்தால் முதலில் குறித்த இடத்தை நம்பாமல் பிரோப்பை மறுபடி வையுங்கள். நாலு மணி நேரத்தில் குடல் எங்கெங்கோ போயிருக்கும்.